ஒரு திருகும் திறக்கப்படவில்லை

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் அதை வாசித்துப் பார்க்கிறார்கள். முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்து, கழுத்தும் உடலும் சேருகிற இடத்தில் மூக்கை வைத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். ஈர வாடை அடித்தால் தரையில் கிடந்த சரக்கு. சிகரெட் வாடை அடித்தால் மதுக்கூடத்தில் உழைத்த சரக்கு. புது வார்னிஷ் வாடை அடித்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு மரியாதையாக வந்துவிடலாம்.

இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள், மேடம். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்றீர்கள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுதுகிறவருக்கு மெதுவாகச் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் கடையைப் பார்த்திருக்கிறீர்கள். கல் அறுக்கும் பட்டறைக்கு மேலே ஒரே நீள அறை. சுவரில் முப்பத்துநாலு பேஸ்கள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெயில் படாமல். ஆறு கம்பிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு யாராவது படியேறி வந்தால், அடுத்த தெருவில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு பேஸ் வாசிக்கிறவர்களைத்தான் பிடிக்கும். மேடையில் பின்னால் நிற்பார்கள். கைதட்டல் அவர்களுக்கு இல்லை என்று அவர்களுக்கே தெரியும். அவர்கள் நிறுத்தினால்தான் மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துக்கொண்டிருந்ததே தெரியும்.

விலை வைப்பது கழித்தல் கணக்கு. பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் முழு விலை. உள்ளே ஒயரை யாராவது மறுபடி பற்ற வைத்திருந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி முறுக்கு ஏறாமல் செத்துக் கிடந்தால் மூன்றில் ஒன்று. வண்ணம் மாற்றியிருந்தால் பாதி. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வேறொன்று பொருத்துவதற்காக மரத்தைத் தோண்டியிருந்தால் மிச்சத்தில் பாதி. வாங்கும்போது குறையைப் பெரிதாக்கி விற்கும்போது அதையே முழுங்கிவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். நான் அப்படிச் செய்ததில்லை. எனக்குக் கை சுத்தம், வாய் சுத்தம். இதை என் எதிரிகளிடம்கூட நீங்கள் கேட்டுப் பார்க்கலாம், கேட்டும் இருப்பீர்கள்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. மற்ற வியாபாரிகள் பழைய பேஸ் வந்தால் முதல் வேலையாக முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அடியில் மரத்தைத் தோண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் கழற்ற மாட்டேன். அறுபது வருஷம் யாரும் தொடாத திருகை ஒரு தடவை திருப்பிவிட்டால் அதன் தலையில் கீறல் விழும், அதன் பிறகு அது தொடாத திருகு இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல அது ஒரு மட்டமான காரியம். நான் திருகின் தலையை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். துரு எப்படி ஏறியிருக்கிறது, பள்ளத்தில் அழுக்கு எப்படி இறுகியிருக்கிறது என்பதை வைத்து, அது எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று சொல்லிவிடுவேன். அதனால் வாத்தியக்காரர்கள் எனக்கு ஸ்க்ரூ ஜோசியர் என்று பேர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் பேஸோடு நான் கொடுக்கும் சின்ன அட்டையில் ‘ஒரு திருகும் திறக்கப்படவில்லை’ என்று என் கையெழுத்தோடு இருந்தால், அதை வேறு எந்தக் கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வார். அந்த அட்டைதான் என் கடை. மற்றதெல்லாம் மரமும் கம்பியும்.

நான் கோபக்காரன் என்று உங்களிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார், கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவர். நல்ல வால்நட் மரத்து உடலில் சாவியால் தன் பேரின் முதல் எழுத்தைச் செதுக்கிக் கொண்டுவந்து காட்டினார். அழகாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் கை பெட்டிக்குள் இருந்தபோது நான் மூடியை மூடினேன். மூடி கனமானது. ஒரு விரல்தான் உடைந்தது, அவர் மூன்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

என் மனைவி விஷயமும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் எனக்கு டீ கொண்டுவந்தாள். வேலைமேஜையில் இடம் இல்லை என்று, திருப்பிப் போட்டிருந்த ஒரு பேஸின் முதுகில் டம்ளரை வைத்தாள். அந்தக் கால வண்ணத்துக்குச் சூடு ஆகாது. வெள்ளையாக வட்டம் விழுந்துவிடும், விழுந்தது. சூடு என்றால் என்ன என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அவள் மணிக்கட்டில் வைத்தேன். ஒரு நொடி. கத்தவில்லை, நல்ல குடும்பத்துப் பெண். அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கமே வந்ததில்லை. எங்களுக்குள் அதைப் பற்றிச் சண்டை வந்ததும் இல்லை.

அவளுடைய தம்பியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். என் மச்சினன்.

தாயில்லாத பிள்ளை, அவள்தான் தூக்கி வளர்த்தாள். பேஸ் வாசிப்பான், ஒரு ஹோட்டலில் இருக்கும் குழுவில். அந்தக் குழுவில் அவனுக்கு ஆமை என்று பேர். வாசிப்பு மெதுவாக இருக்கும் என்பதால் இல்லை, வேறு எதற்குமே அவசரப்பட மாட்டான் என்பதால். வீட்டில் தீப்பிடித்தால் செருப்பு எங்கே என்று தேடுவான் என்பார்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் வந்து என் முன்னால் உட்கார்ந்து வாசித்தால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். வேறு யாருக்கும் நான் நிறுத்தியதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டிலிருந்து ஒரு பேஸ் வந்தது. மஞ்சளில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகப் போகக் கறுக்கும் வண்ணம். அறுபது வயசு. முன்தகட்டில் பதின்மூன்று திருகுகள், பதின்மூன்றிலும் ஒரே சீராகத் துரு. ஒரு சாயங்காலம் முழுக்க கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை என் மச்சினனுக்கு, அவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், வாங்கிய விலைக்கே கொடுத்தேன். அட்டையும் எழுதிக் கொடுத்தேன். அட்டையை அவன் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அதைக் கொண்டுவருவான். வெயில் காலத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு ஒரு தடவை கழுத்தைச் சரிசெய்ய வேண்டும். கம்பியின் இழுப்புக்கு மரம் முன்னால் வளையும், உள்ளே இருக்கும் இரும்பைக் கால் சுற்று முறுக்கினால் நேராகும். கால் சுற்றுக்கு மேல் முறுக்கக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் முழுச் சுற்று முறுக்கிக் கழுத்தைப் பிளந்துவிடுவார்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்கச் சொல்லுவேன், துடைக்க மாட்டான். வண்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே என்பேன், போவான். திட்டினால் சிரிப்பான். “நீங்க இருக்கீங்கல்ல மாமா, பாத்துக்குவீங்க” என்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சேதியோடு வந்தான். ஒரு பயணிகள் கப்பலில் வாசிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, வருஷத்தில் எட்டு மாதம் கடலில், நல்ல சம்பளம். அவன் மனைவிக்கும் சம்மதம். ஆனால் அந்தக் குழுவில் வேறு மாதிரிப் பாட்டு.

“சத்தம் கொஞ்சம் கடிக்கணும் மாமா. இதுல இன்னொரு பிக்கப் வெச்சுடலாம்னு இருக்கேன். மரத்தை லேசாத் தோண்டினாப் போதும். வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல, நீங்களே தோண்டிக் குடுங்க.”

“வேற பேஸ் தர்றேன், எடுத்துட்டுப் போ,” என்றேன். “சுவத்துல எது புடிக்குதோ எடுத்துக்கோ.”

“இதுல பதினோரு வருஷம் வாசிச்சிருக்கேன். என் கை இதுலதான் இருக்கு.”

“தோண்டினா செத்துரும்டா.”

“பேஸ் சாவாது மாமா. விலைதான் சாவும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்கு வருத்தம்தான் இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்தால் அன்றைக்கே ஏதாவது நடந்திருக்கும் இல்லையா.

அடுத்த வாரம் புதன்கிழமை, பன்னிரண்டரை மணிக்கு வந்தான். கீழே கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகை அறுக்க நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரை மாடியில் பேசுவது காதில் விழ வேண்டுமானால் பக்கத்தில் உட்கார வேண்டும். அவன் என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேஸை மடியில் வைத்துக்கொண்டான்.

நான் முதலில் பார்த்தது அந்தப் புதுத் திருகை. பதின்மூன்றில் ஒன்று, கீழ் ஓரத்தில், கதவுக் கீலுக்குப் போடுகிற வெள்ளைத் திருகு, பளபளவென்று.

“கோவிச்சுக்காதீங்க மாமா. காலையில வீட்டுல கழட்டிப் பாத்தேன். எவ்வளவு ஆழம் இருக்குன்னு அளவு எடுக்கத்தான். ஒண்ணு ஃப்ரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு.” சொல்லிக்கொண்டே பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். என் கடையில், என் கண் முன்னால். ஒரு டீ டம்ளரில் போட்டான். பிறகு தகட்டைத் தூக்கினான். “இதைப் பாருங்க.”

தகட்டுக்கு அடியில் மரம் தோண்டியிருந்தது. பழைய வேலை, நாற்பது வருஷம் இருக்கும். தீப்பெட்டி இரண்டை நீளவாக்கில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. யாரோ எதையோ பொருத்திப் பார்த்துவிட்டு, பிடிக்காமல், புட்டி வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பூசியிருந்தார்கள். புட்டி சுருங்கி ஓரமெல்லாம் விரிசல் விட்டிருந்தது. தகட்டை மூடித் திருகிய பிறகு நாற்பது வருஷ வேர்வையில் திருகுகள் மறுபடி ஒரே சீராகத் துருப்பிடித்திருக்கின்றன.

அவன் சந்தோஷமாக இருந்தான், மேடம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முகமெல்லாம் பல்லாக இருந்தது. ஏற்கெனவே தோண்டியிருப்பதால் இனிமேல் தோண்டுவதில் பாவம் இல்லை, கப்பலுக்கும் இதையே எடுத்துப் போகலாம் என்று நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். என் முழங்கால்மேல் கையை வைத்தான்.

“விடுங்க மாமா. ஆனைக்கும் அடி சறுக்கும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த அட்டை சுவத்துலயே இருக்கட்டும்.”

நஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவில்லை. என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தியிருந்தால் நான் அவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். முழங்கால்மேல் கையை வைத்து, காய்ச்சல் வந்த குழந்தையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினான். என்னை மன்னித்துவிட்டான். எதற்காக மன்னித்தான் என்று நான் அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

நீங்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். அன்று காலை வரைக்கும் அது தோண்டப்படாத பேஸ். நான் சொன்னேன், ஊர் ஒத்துக்கொண்டது, விலை அப்படித்தான் நின்றது. யாரும் பார்க்காத குழிக்கு விலை கிடையாது. ஒரு திருப்புளியை எடுத்துத் தகட்டைத் தூக்கியபோதுதான் அது தோண்டின பேஸ் ஆயிற்று. அப்படிப் பார்த்தால் அதைத் தோண்டியவன் என் மச்சினன்தான். வேண்டாம் என்று நான் முந்தின வாரமே சொல்லியிருந்தேன்.

பேஸை அவன் மடியிலிருந்து வாங்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே ஃபிளானல் துணி போட்டேன். டம்ளரைப் பத்திரமாக ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஒரு திருகு கீழே விழுந்திருந்தது. “இருங்க மாமா, நான் எடுக்கறேன்” என்று அவன் குனிந்தான்.

என் மேஜையில், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளை மட்டமாக்க ஓர் இரும்புக் கட்டை இருக்கும். இரண்டடி நீளம், நாலு கிலோ, விளிம்பு மயிரிழைக்கு நேராக இருக்கும். அதைக் கீழே போடக் கூடாது, வளைந்துவிடும். அதை எடுத்து அவன் தலையின் பின்பக்கத்தில் அடித்தேன். அது ஒன்று.

முன்னால் சாய்ந்து மேஜைக்காலில் நெற்றி இடித்து விழுந்தான். சாகவில்லை. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, கால் ஒன்று தானாக உதைத்துக்கொண்டிருந்தது. கீழே கல் அறுபடுகிற சத்தம். நான் கீழே கிடந்த திருகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தகட்டை அதன் இடத்தில் பொருத்த ஆரம்பித்தேன். ஒவ்வொரு திருகும் அதனதன் துளைக்குத்தான் போக வேண்டும், மாறிப்போனால் மரத்தில் புரி வெட்டிவிடும். கழற்றும்போது அவன் வரிசையாக வைக்கவில்லை, டம்ளரில் குவித்துவிட்டான். அதனால் கண்ணாடி வைத்துத் தலையில் இருக்கும் துருவையும் துளையோரத்துத் துருவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து திருகு முடிந்திருந்தபோது அவன் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். வாயில் பல் உடைந்து கிடந்ததால் பேச்சு குழறியது. “மாமா, அக்காவைக் கூப்பிடுங்க” என்றான்.

கொஞ்சம் பொறு என்றேன். அவன் பொறுக்கவில்லை, நாற்காலியைப் பிடித்தான். மறுபடி அடித்தேன், கையைத் தூக்கியதால் முதலில் கையில் பட்டது. அது இரண்டு.

ஒன்பதாவது திருகின்போது அவன் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமாக இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது சாலையைக் கடக்க என் விரலைப் பிடிப்பான், அப்படித்தான் பிடித்தான். எனக்குத் திருப்புளி நழுவிவிடும் என்று பயமாக இருந்தது. நழுவினால் தலை கீறிவிடும். அது மூன்று. அதற்குப் பிறகு அமைதியாக வேலை செய்ய முடிந்தது.

பன்னிரண்டு திருகு முடிந்து அந்த வெள்ளைத் திருகு மிஞ்சியது. அதை எப்படிப் போடுவது? என்னிடம் பழைய திருகுகள் டப்பா டப்பாவாக இருக்கின்றன, வருஷவாரியாக. அதே வயசில், அதே துருவோடு ஒன்றைத் தேடி எடுத்தேன். போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளைத் திருகை டம்ளரிலேயே விட்டுவிட்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மணிக்குக் கல் பட்டறைக்காரர்கள் எதிர்ச் சாரிக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் இறக்குகிற தள்ளுவண்டியில் அவனைப் பெல்ட் போட்டுக் கட்டி, தலையைத் துணியால் சுற்றி, பின்பக்க இரும்புப் படியில் இறக்கினேன். எண்பது கிலோ இருப்பான், ஸ்பீக்கர் பெட்டி அதைவிடக் கனம். அவன் தன் ஸ்கூட்டரை எப்போதும் அங்கே சாய்த்து வைத்திருக்கும் கல் பலகைகளுக்குப் பின்னால்தான் நிறுத்துவான். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் படுக்க வைத்துத் துணியை எடுத்துவிட்டு, பலகைகளுக்கு அடியில் இருந்த ஆப்பைத் தட்டிவிட்டேன். ஆறு பலகை விழுந்தது. விலா எலும்புகள் உடைகிற சத்தம் கேட்டது. தலை மட்டும் வெளியே இருந்துவிட்டது. அரை அடி உள்ளே தள்ளி வைத்திருக்க வேண்டும், அதை நான் கவனிக்கவில்லை. பேஸைப் பெட்டியில் போட்டு ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்தேன். பிறகு மேலே போய் ஸ்பிரிட்டால் தரையைத் துடைத்தேன். அன்றைக்கு அவன் மாடிக்கே வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

பட்டறை முதலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எட்டு நாள் உள்ளே இருந்தார். பாவம், சத்தம்தான் அதிகமே தவிர நல்ல மனிதர். என் மனைவி மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்தான் கரண்டியால் ஊட்டினேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, “அவன் கடைசியில யாரைக் கூப்பிட்டிருப்பான்” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஒரு மாதம் கழித்து பேஸை வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் மனைவியிடம் சொன்னேன். எனக்கு அவள் தங்கச்சி முறை. குறைத்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள், அவளுக்கு விலை தெரியாது. நான் தோண்டப்படாத பேஸுக்கு உரிய முழு விலையைக் கொடுத்தேன்.

“இவ்வளவா அண்ணா?” என்று அழுதாள்.

“இதுக்கு இதுதான்மா விலை,” என்றேன். அங்கேயே உட்கார்ந்து புது அட்டையும் எழுதினேன். நீங்கள் பணத்துக்காகச் செய்தாயா என்று முதல் நாள் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

என் மனைவி கூட வந்திருந்தாள். அன்றைக்குத்தான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பேஸின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கேட்டாள்.

“அந்தப் புது ஸ்க்ரூ எங்க?”

“அதுல புது ஸ்க்ரூ ஏது? பதிமூணும் பழசு,” என்றேன். தொழில்முறையில் கேட்ட கேள்விக்குத் தொழில்முறையில் பதில் சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அவன் அந்தப் புதன்கிழமை காலையே அக்காவுக்குப் போனில் இரண்டு படம் அனுப்பியிருக்கிறான். ஒன்று குழி. இன்னொன்று மூடின பிறகு, வெள்ளைத் திருகோடு. கூடவே எழுதியிருக்கிறான்: ‘மாமாகிட்ட சொல்லிடாத. நானே பக்குவமாச் சொல்றேன், மனசு ஒடஞ்சிடுவார். ஒரு ஸ்க்ரூவை வேற தொலைச்சிட்டேன், பாத்தா என்னைத் தொலைச்சிடுவார்.’ அவள் அந்தப் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், தம்பி கடைசியாக அனுப்பியது என்பதால். செத்துப்போன ஒருத்தனுடைய பேஸில் அந்த ஒரு திருகை மாற்றாமல் இருக்க முடியாதவர் உலகத்தில் ஒருத்தர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை மணிக்கட்டுத் தழும்பு தெரியாமல் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெள்ளைத் திருகை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இப்போது இங்கே இல்லை. ஆனால் அதை எப்படி விடுவது?

ஆகவே நான்தான் செய்தேன். அதில் மறைக்க எதுவும் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் இப்போதே போடுகிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு.

அவனைப் புதைத்த இடத்திலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்த மருத்துவரின் அறிக்கையை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மண்டையிலும் இரண்டு கை எலும்புகளிலுமாக, இரும்பு விளிம்பு பட்ட அடையாளம் இருபத்தேழு என்று எழுதியிருக்கிறார். கடும் கோபத்தில் அடித்தது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். நான் மூன்று என்கிறேன். அங்கே இருந்தவன் நான். ஒரு தழும்பைப் பார்த்து அது ஒரு தடவை பட்டதா பத்துத் தடவை பட்டதா என்று சொல்வதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு, அதில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மருத்துவர் வயசில் சின்னவர் என்றார்கள், பழக்கம் போதாது. அவன் இன்னும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரு நல்ல விளக்கும் என் கண்ணாடியும் கொடுத்து, அவனை ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.